எந்த லினக்ஸ் என்று கேட்பதற்கு முன்

வாசகர் கேள்வி – பதில்

சொந்த மேசைக்கணினிக்குத் திறமூல இயங்குதளம் தேர்ந்தெடுப்பது குறித்து வந்த கடிதங்களில் ஏழு கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறேன். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்த இடங்களில், தம் வேலை என்ன, கையிலுள்ள கணினி என்ன என்று விவரமாக எழுதியவரின் கடிதத்தையே வைத்திருக்கிறேன். அந்த இரண்டும் தெரியாமல் சொல்லப்படும் பதில் யாருக்கும் பயன்படாது.

கேள்வி: நான் மொழிபெயர்ப்பாளர், நூல்களுக்குப் பக்க வடிவமைப்பும் செய்கிறேன். உதிரிகளை வாங்கிப் புதிய மேசைக்கணினி ஒன்றைப் பூட்டியிருக்கிறேன். அதில் திறமூல இயங்குதளம் மட்டுமே இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். டெபியன், உபுண்டு, மின்ட், ஃபெடோரா, ஆர்ச் என்று ஆளுக்கொரு பெயரைச் சொல்கிறார்கள். இவற்றில் எது சிறந்தது?

பதில்: எது சிறந்தது என்பதைச் சற்று ஒதுக்கி வையுங்கள், அதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய ஒன்று உங்கள் தொழிலிலேயே இருக்கிறது. உங்களுக்கு வேலை தரும் பதிப்பகங்கள் முடிவில் அச்சுக்குரிய பிடிஎஃப் மட்டும் கேட்கின்றனவா, அல்லது தாங்களும் திறந்து திருத்தக்கூடிய இன்டிசைன் கோப்பைக் கேட்கின்றனவா? பிடிஎஃப் போதும் என்றால் ஸ்கிரைபஸ் என்ற திறமூலப் பக்க வடிவமைப்பு மென்பொருள் உங்கள் வேலையை முடித்துத் தரும். இன்டிசைன் கோப்புதான் வேண்டும் என்றால் எந்த லினக்ஸும் உதவாது. அடோபி அந்த மென்பொருளை லினக்ஸுக்கு வெளியிடுவதில்லை. இன்டிசைனின் ஐடிஎம்எல் என்ற பரிமாற்ற வடிவில் சேமித்த கோப்பை ஸ்கிரைபஸ் திறக்கும் என்றாலும், திறந்த பக்கம் மூலத்தைப் போலவே இருக்கும் என்று நம்பி ஒரு வேலையை ஒப்புக்கொள்ள முடியாது.

ஸ்கிரைபஸிலும் எந்தப் பதிப்பு என்று பார்த்து நிறுவுங்கள். பழைய 1.4 வரிசையில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் வந்து அமராமல் பின்னால் தொங்கிக்கொண்டிருக்கும். தமிழ் போன்ற எழுத்துமுறைகளைச் சரியாகக் கோக்கும் திறன் 1.5 என்ற சோதனை வரிசையில் சேர்க்கப்பட்டு, 2024இல் வெளியான 1.6இல்தான் நிலையான பதிப்புக்கு வந்தது. நான்கு வண்ண அச்சுக்குப் படங்களைத் தயார் செய்வதில், 2025 மார்ச்சில் வந்த கிம்ப் 3.0கூடப் படத்தை ஆர்ஜிபியிலேயே (திரைக்குரிய மூவண்ண முறையில்) திருத்துகிறது. வண்ணம் மாற்றும் வேலையை ஸ்கிரைபஸிடம் விட்டுவிடலாம், அல்லது அச்சுக்குரிய சிஎம்ஒய்கே முறையிலேயே வேலை செய்ய கிரிட்டாவைப் பயன்படுத்தலாம்.

இவ்வளவும் உங்களுக்குச் சரிப்பட்டால் ஐந்து பெயர்களுக்கு வரலாம். ஐந்தும் லினக்ஸ் வழங்கல்கள், அதாவது வெவ்வேறு குழுவினர் தொகுத்துத் தரும் இயங்குதளங்கள். ஐந்திலும் உள்ளே மைய நிரலாக ஓடுவது லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய அதே லினக்ஸ் கர்னல்தான். அதன்மேல் இயங்கும் உலாவியும் லிப்ரெஆஃபிஸும் இங்க்ஸ்கேப்பும் ஐந்திலும் அவையேதான். புதிய பதிப்புகள் உங்கள் கணினிக்கு எப்போது வந்து சேர்கின்றன, சேரும் முன் யார் சோதித்துப் பார்க்கிறார்கள், சேர்ந்தபின் ஏதேனும் கெட்டால் அதைச் சரிசெய்ய யாருடைய நேரம் செலவாகிறது என்பவற்றில்தான் இவை வேறுபடுகின்றன. டெபியன் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய பதிப்பை வெளியிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆண்டு முழுப் பராமரிப்பும் அதற்குப்பின் இரண்டு ஆண்டு நீட்டித்த பராமரிப்பும் உண்டு. உபுண்டுவின் எல்டிஎஸ் (நீண்டகாலப் பராமரிப்புள்ள) பதிப்புகள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏப்ரலில் வந்து ஐந்து ஆண்டுகள் பராமரிக்கப்படுகின்றன. மின்ட் அந்த எல்டிஎஸ் மேல் கட்டப்படுவது. ஃபெடோராவில் ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு. ஒவ்வொன்றும் சுமார் பதின்மூன்று மாதங்களுக்கே பராமரிக்கப்படுவதால் ஆண்டுக்கு ஒருமுறையாவது மேம்படுத்தியே தீர வேண்டும். ஆர்ச்சில் பதிப்பு என்பதே கிடையாது. மென்பொருள்கள் வெளிவர வெளிவர நாள்தோறும் வந்துகொண்டிருக்கும், புதுப்பிக்கும் முன் அதன் அறிவிப்புப் பக்கத்தைப் படிப்பது பயன்படுத்துபவரின் கடமை.

இங்கே ஒரு சொல் பலரை ஏமாற்றுகிறது. டெபியன் தன் வெளியீட்டை 'நிலையானது' என்று அழைக்கும்போது, அது ஒருபோதும் பழுதாகாது என்று பொருள் கொள்கிறோம். உண்மையில் அதன் பொருள், அடுத்த பதிப்பு வரும்வரை அது மாறாது என்பதே. தெரிந்த குறை ஒன்று இருந்தால் அதுவும், பாதுகாப்புச் சிக்கலோ பெரிய கோளாறோ ஆகாதவரை, பெரும்பாலும் மாறாமலே இருக்கும். ஒரு நூல் அச்சுக்குப் போகும் வாரத்தில் எந்தப் பொத்தானும் இடம் மாறக் கூடாது என்று நினைப்பவருக்கு இது வரம். மூன்று மாதத்துக்கு முன் திருத்தப்பட்ட ஒரு பிழைக்காகக் காத்திருப்பவருக்கு இதுவே தொல்லை.

மாறாமல் இருப்பதற்கு இன்னொரு விலையும் உண்டு. கர்னலும் அதனோடு வரும், வன்பொருளை இயக்கும் டிரைவர்களும் அந்தப் பதிப்பு உறைந்த நாளில் உலகில் இருந்த வன்பொருளையே அறிந்திருக்கும். ஆகஸ்ட் 2025இல் வந்த டெபியன் 13, அதற்குப்பின் விற்பனைக்கு வந்த கிராபிக்ஸ் கார்டைச் சரியாக அடையாளம் காணாமல் போகலாம். பேக்போர்ட்ஸ் என்ற டெபியனின் கூடுதல் களஞ்சியம் வழியாகப் புதிய கர்னலை எடுத்துக்கொள்ளலாம்தான், ஆனால் முதல் நாளிலேயே அதைச் செய்ய நேர்ந்தால் உங்களுக்கு டெபியன் பொருத்தமில்லை என்றே கொள்ளுங்கள். உபுண்டுவும் மின்டும் எல்டிஎஸ் காலத்துக்குள்ளேயே புதிய கர்னலைத் தருவதால் இங்கே சற்று வசதி. பொதுவாக, கணினியின் உதிரிகளைவிட இயங்குதளம் இளையதாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் உள்ள உதிரிகள் ஓராண்டுக்கு மேற்பட்டவை; இதுவரை லினக்ஸ் பயன்படுத்தியதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு நான் சொல்வது சின்னமன் என்ற டெஸ்க்டாப் சூழலுடன் கூடிய மின்ட். உபுண்டுவை ஏன் சொல்லவில்லை என்றால், அது 2022 முதல் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைக்கூடத் தன் சொந்தப் பொதி முறையான ஸ்னாப் வழியாகத்தான் தருகிறது. அந்த ஏற்பாடு எனக்கு உவப்பாக இல்லை. மின்ட் 2020இலேயே ஸ்னாப்பை இயல்பாக நிறுவவிடாமல் நிறுத்திவிட்டது. இது பெரும்பாலும் என் சொந்த விருப்பம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். உபுண்டுவில் மகிழ்ச்சியாக வேலை செய்பவர்கள் ஏராளம். எதை எடுத்தாலும் நிறுவும் முன் பென் டிரைவிலிருந்தே இயக்கி, ஒலி, வலையிணைப்பு, அச்சுப்பொறி, இரண்டாம் திரை, உறக்க நிலையிலிருந்து மீளுதல் ஆகியவற்றை ஒரு மாலைப்பொழுது செலவிட்டுச் சோதித்துப் பாருங்கள். இந்தக் கட்டத்தில் தெரியவரும் குறைக்கு நீங்கள் இழப்பது அந்த ஒரு மாலை மட்டுமே.

கேள்வி: ஃபெடோரா பயன்படுத்தும் நிரலாளர் நான், என்விடியா கார்டில் இயந்திரக் கற்றல் வேலைகள் ஓடுகின்றன. கர்னல் புதுப்பித்த பிறகு இரண்டு முறை கறுப்புத் திரைதான் வந்தது. குற்றம் ஃபெடோராவுடையதா, என்விடியாவுடையதா?

பதில்: இரண்டின் நடை வேறுபாட்டில்தான் குற்றம் இருக்கிறது. ஏஎம்டி, இன்டெல் கார்டுகளின் டிரைவர்கள் கர்னலுக்குள்ளேயே இருப்பதால் கர்னலோடு சேர்ந்தே புதுப்பிக்கப்படுகின்றன. என்விடியாவின் டிரைவர் கர்னலுக்கு வெளியே இருப்பது. ஒவ்வொரு புதிய கர்னலுக்கும் அதன் மாட்யூலை (கர்னலோடு இணையும் துண்டு நிரலை) உங்கள் கணினியிலேயே மறுபடி கட்ட வேண்டும். ஃபெடோராவில் கர்னல் அடிக்கடி மாறுவதால் இந்தக் கட்டுமானமும் அடிக்கடி நடக்கிறது. அது முடியும் முன் கணினியை அணைத்தாலோ, புதிய கர்னலுக்கு அந்த டிரைவர் பதிப்பு ஒத்துவராவிட்டாலோ கறுப்புத் திரைதான். கையொப்பமற்ற நிரலைத் தடுக்கும் செக்யூர் பூட் இயங்கிக்கொண்டிருந்தால், கட்டிய மாட்யூலுக்கு நீங்களே ஒரு சாவியை உருவாக்கிப் பதிந்து கையொப்பமிடவும் வேண்டும். இதைச் செய்யாமல் விட்டு டிரைவரைக் குறைசொல்பவர்கள் பலர்.

2022இல் என்விடியா தன் கர்னல் மாட்யூலின் மூலநிரலைத் திறந்து வெளியிட்டது. ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20 வரிசை முதலான கார்டுகளுக்கு அது பொருந்தும். ஆனால் கார்டில் கணக்கீடுகளை ஓட்டும் கூடா (CUDA) உள்ளிட்ட மேலடுக்குகள் இன்றும் மூடியவையே. மாட்யூலும் கர்னலுக்கு வெளியேதான் இருக்கிறது. ஆகவே உங்கள் தொல்லை அதனால் தீர்ந்துவிடவில்லை.

உடனடித் தீர்வு எளிது. ஃபெடோரா இயல்பாகவே கடைசி மூன்று கர்னல்களை வைத்திருக்கும். கணினி தொடங்கும்போது பூட் மெனுவை வரவழைத்து முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுத்தால் வேலை தொடரும். நீண்டகாலத் தீர்வு, கூடா உங்களுக்கு இன்றியமையாதது என்பதால், கர்னல் நிதானமாக மாறுவதும் ஏற்கெனவே கையொப்பமிட்ட என்விடியா மாட்யூல்களைப் பொதியாகத் தருவதுமான உபுண்டு எல்டிஎஸ்ஸுக்கு மாறுவது. முந்தைய பதிலில் எனக்கு உவப்பில்லை என்றதையே உங்களுக்குப் பரிந்துரைக்கிறேன். ஸ்னாப் பற்றிய என் மனத்தாங்கலைவிட உங்கள் கார்டு முக்கியம். கூடா தேவைப்படாத வாசகர்கள் புதிதாகக் கார்டு வாங்குவதானால் ஏஎம்டி அல்லது இன்டெல் வாங்கி இந்தப் பதில் முழுவதையும் மறந்துவிடலாம்.

கேள்வி: அலுவலகத்தில் ஃப்ரீபிஎஸ்டி சர்வர்களைப் பராமரிக்கிறேன். அதன் ஒழுங்கு எனக்கு மிகவும் பிடிக்கும். வீட்டு மேசைக்கணினியிலும் அதையே போட்டால் என்ன? ஓபன்பிஎஸ்டியும் ஆசை காட்டுகிறது.

பதில்: ஃப்ரீபிஎஸ்டியும் ஓபன்பிஎஸ்டியும் லினக்ஸ் அல்லாத, யூனிக்ஸ் வழிவந்த பிஎஸ்டி குடும்பத்துத் திறமூல இயங்குதளங்கள். இந்தக் கேள்விக்குச் 'சர்வருக்கு பிஎஸ்டி, மேசைக்கு லினக்ஸ்' என்று ஒரு வரியில் பதில் சொல்வது வழக்கமாகிவிட்டது. அந்த வரி முழுவதும் நியாயமானது அன்று. ஃப்ரீபிஎஸ்டியின் ஒழுங்கு என்று நீங்கள் சொல்வது உண்மையான சிறப்பு: கர்னலும் அடிப்படைக் கருவிகளும் ஒரே குழுவினரால் ஒரே மூலநிரல் களஞ்சியத்தில் எழுதப்படுகின்றன, நாம் நிறுவும் மென்பொருள்கள் தனியே வேறொரு கோப்புறை மரத்தில் அமர்கின்றன, ஆகவே எதையாவது நிறுவி நீக்கி விளையாடினாலும் அடித்தளம் கலையாது. 2008இல் வந்த 7.0 பதிப்பு முதல் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை (வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் முறை) உள்ளேயே இருக்கிறது. மேம்படுத்தும் முன் பூட் சூழல் (இயங்குதளத்தின் அப்போதைய நிலையின் பிரதி) ஒன்றை உருவாக்கி வைத்தால், மேம்பாடு சொதப்பினாலும் ஒரு நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்பலாம். கன்டெய்னர் என்ற பேச்சு எழுவதற்கு வெகு முன்பே, 2000இல், நிரல்களைத் தனித்தனியே அடைத்து ஓட்டும் ஜெயில் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்ததும் அதுவே. அதன் கையேட்டைப் போல ஒழுங்காக எழுதப்பட்ட ஒன்றை எந்த லினக்ஸ் வழங்கலிலும் நான் கண்டதில்லை. ஆர்ச்சின் விக்கி மட்டும் அருகில் வரும்.

மேசையில் அதற்கு எதிராகச் சொல்லப்படும் குறைகளில் பாதி மடிக்கணினிக்காரர்களுடையவை. வைஃபை வேகம் குறைவு, உறக்கத்திலிருந்து எழாது என்பவை உங்களைத் தொடா. உங்களிடம் கம்பி வழி வலையிணைப்பு இருக்கிறது, மேசைக்கணினியை இரவில் அணைத்துவிடலாம். கிராபிக்ஸ் டிரைவர்கள் லினக்ஸிலிருந்து எடுத்துப் பொருத்தப்படுபவை என்பதால் சற்றுப் பின்தங்கியே வரும். ஒரு தலைமுறை பழைய ஏஎம்டி கார்டு வைத்திருந்தால் அதுவும் சிக்கலில்லை. என்விடியா ஃப்ரீபிஎஸ்டிக்கென்று டிரைவர் வெளியிடுகிறது.

இனி மீதிப் பாதி. டாக்கர் என்ற கன்டெய்னர் கருவியை நம்பிய நிரலாக்க வேலை, கூடா, உரிமப் பூட்டுப் போட்ட திரைப்படத் தளங்கள், லினக்ஸுக்கென்று மட்டும் பொதி தரும் கூட்ட அழைப்புச் செயலிகள் ஆகியவை அதில் நேராக இயங்கா. லினக்ஸ் நிரல்களை ஓடவைக்கும் அடுக்கும் பீஹைவ் மெய்நிகர் இயந்திரமும் துணைக்கு உண்டு; ஆனால் தினமும் திறக்கும் செயலி ஒன்றுக்காகத் தினமும் ஒரு மெய்நிகர் இயந்திரத்தைத் திறக்க வேண்டியிருந்தால், நீங்கள் உண்மையில் பயன்படுத்துவது உள்ளே இருக்கும் லினக்ஸைத்தான். வீட்டில் இருக்கும் ஒரே கணினி அதுவானால் வேண்டாம் என்பேன். அலுவலக மடிக்கணினி ஒன்று பக்கத்தில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எனவே தாராளமாகச் செய்யுங்கள்.

ஓபன்பிஎஸ்டி ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு என்ற வாக்கைப் பெரும்பாலும் காப்பாற்றிவருவது, பாதுகாப்பில் கண்டிப்பானது. அந்தக் கண்டிப்பு எப்படிப்பட்டது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: புளூடூத் நிரல் சரியாகப் பராமரிக்கப்படவில்லை என்று 2014இல் அதை அப்படியே எடுத்தெறிந்தார்கள், இன்றுவரை திரும்பச் சேர்க்கவில்லை. என்விடியா கார்டுகளுக்கான வேகமான டிரைவரும் இல்லை. உங்கள் தலையணிக்குழாய் கம்பியுடையதுதானா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கோப்பு முறைமையாக ஈஎக்ஸ்டி4, பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் ஆகிய மூன்றில் எது? இருபது ஆண்டுப் புகைப்படங்கள் இருக்கின்றன.

பதில்: இயங்குதளம் இருக்கும் வட்டுக்கும் புகைப்படங்கள் இருக்கும் வட்டுக்கும் ஒரே விடை இருக்க வேண்டியதில்லை. இயங்குதளத்துக்கு, உங்கள் வழங்கல் இயல்பாகத் தருவதையே வைத்துக்கொள்ளுங்கள். மின்ட், டெபியனில் அது ஈஎக்ஸ்டி4, ஃபெடோராவில் 2020 முதல் பிடிஆர்எஃப்எஸ். ஓபன்சூசே டம்பிள்வீட் பிடிஆர்எஃப்எஸ்ஸோடு நிலைப்பதிவுகளை எடுக்கும் ஸ்னாப்பரையும் பொருத்தித் தருவதால், புதுப்பித்தல் தவறினால் முந்தைய நிலையிலிருந்தே கணினியைத் தொடங்கலாம். நாள்தோறும் மாறும் வழங்கலை விரும்பி, அதன் அபாயத்துக்கு அஞ்சுபவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் அதுதான்.

புகைப்படங்களுக்கோ, படித்த தரவு எழுதிய தரவுதானா என்று சரிபார்க்கும் ஆற்றல் வேண்டும். ஈஎக்ஸ்டி4 கோப்புகளின் உள்ளடக்கத்துக்கு அதைச் செய்வதில்லை. மற்ற இரண்டும் செய்கின்றன. இரண்டு வட்டுகளைக் கண்ணாடிப் பிரதியாக இணைத்தால் கெட்டுப்போன பகுதியை மற்றொன்றிலிருந்து தாமே சரிசெய்தும் கொள்ளும். பிடிஆர்எஃப்எஸ்ஸில் ரெய்டு 5, 6 என்ற பல வட்டு இணைப்பு வகைகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள்; அவை நம்பத்தக்கவை அல்ல என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது. இசட்எஃப்எஸ் உரிம வேறுபாட்டால் லினக்ஸ் கர்னலுக்குள் சேராமல் வெளியிலேயே இருப்பதால், என்விடியா பற்றிச் சொன்ன அதே நடைப் பிசகு இங்கும் நேரும். கர்னல் அடிக்கடி மாறும் வழங்கலில் அதைத் தவிர்க்கலாம். இசட்எஃப்எஸ்ஸுக்குப் பிழை திருத்தும் இசிசி நினைவகம் கட்டாயம் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. கட்டாயமில்லை, இருந்தால் எந்தக் கோப்பு முறைமைக்கும் நல்லது.

ஸ்னாப்ஷாட், அதாவது வட்டின் ஒரு நேரத்து நிலைப்பதிவு, பேக்கப் ஆகாது. இதை எழுதும் நானே, நாளுக்கொன்றாக எடுத்த நாற்பது ஸ்னாப்ஷாட்டுகளை ஒரே வட்டில் வைத்திருந்து, அந்த வட்டு ஒரு காலையில் கண்விழிக்காமல் போனபோது நாற்பதையும் சேர்த்தே இழந்தவன். இன்னொரு வட்டில் ஒரு பிரதியும், வீட்டுக்கு வெளியே ஒரு பிரதியும் வையுங்கள்.

கேள்வி: கேடிஇ பிளாஸ்மாவில் தமிழ்99 விசைப்பலகை வேலை செய்யவில்லை. குனோமில் செய்தது. ஏன்?

பதில்: குனோமும் பிளாஸ்மாவும் இரு வேறு டெஸ்க்டாப் சூழல்கள். குனோம், ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையைத் தன்னோடு இணைத்தே தருகிறது, அமைப்புகளில் தமிழ்99ஐச் சேர்த்தால் போதும். பிளாஸ்மா 6 இயல்பாக வேலண்ட் என்ற திரைக்காட்சி முறையில் இயங்குகிறது. வேலண்டில் எந்த உள்ளீட்டு முறையைத் தொடங்குவது என்பதைப் பிளாஸ்மாவுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். எஃப்சிஐடிஎக்ஸ் 5 என்ற உள்ளீட்டு முறையையும் தமிழ்99 அடங்கிய அதன் எம்17என் பொதியையும் நிறுவி, அமைப்புகளில் 'மெய்நிகர் விசைப்பலகை' என்ற இடத்தில் எஃப்சிஐடிஎக்ஸ் 5ஐத் தேர்ந்தெடுங்கள். திரையில் தோன்றும் விசைப்பலகைக்கான இடம் போலத் தோன்றுவதால் எவரும் அங்கே தேடுவதில்லை.

கேள்வி: பின்னால் ஒரு நிறுவனம் இருக்கும் இயங்குதளம் பாதுகாப்பானதா, தன்னார்வலர்கள் நடத்துவது பாதுகாப்பானதா?

பதில்: நிறுவனம் இருந்தால் ஊதியம் பெறும் பொறியாளர்கள் இருப்பார்கள், முடிவுகளும் அந்த நிறுவனத்தின் கணக்குப்படியே எடுக்கப்படும். ரெட்ஹேட் நிறுவனத்தின் ஆதரவில் வந்த சென்ட்ஓஎஸ் 8க்கு 2029 வரை பராமரிப்பு உண்டு என்று நம்பி நிறுவியவர்களுக்கு, அது 2021 இறுதியோடு முடியும் என்று 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. ஆல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும் அதற்கு எதிர்வினையாகப் பிறந்தவையே. டெபியன் 1993 முதல் தன்னார்வலர்களால் நடத்தப்படுகிறது. முக்கிய முடிவுகளுக்கு வாக்கெடுப்பு நடத்துகிறார்கள். வைஃபை முதலியவற்றுக்கான மூடிய ஃபர்ம்வேரை (வன்பொருளுக்குள் ஓடும் நிரலை) நிறுவியிலேயே சேர்ப்பது என்று 2022இல் முடிவானதும் அப்படி ஒரு வாக்கெடுப்பில்தான். அதன் பயனாக டெபியன் 12 முதல் நிறுவும் வேலை எளிதாகிவிட்டது. ஆனால் ஒரேயொருவர் நடத்தும் சிறு வழங்கல் எவ்வளவு அழகாக இருந்தாலும், அவருக்கு ஓய்வு தேவைப்படும் நாளில் உங்கள் கணினிக்குப் புதுப்பிப்பு வராது. ஆகவே நிறுவனமா, தன்னார்வலரா என்பதைவிட, எத்தனை பேர், எத்தனை ஆண்டுகளாக என்று கேளுங்கள்.

கேள்வி: விண்டோஸ் 10க்கான பராமரிப்பு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. ஒரு கணக்கு மென்பொருளுக்காக மட்டும் விண்டோஸ் 11ஐ வைத்துக்கொண்டு, அதே கணினியில் லினக்ஸும் வைக்கலாமா?

பதில்: வைக்கலாம், ஆனால் தனி எஸ்எஸ்டியில் வையுங்கள். லினக்ஸை நிறுவும்போது விண்டோஸ் வட்டின் இணைப்பைக் கழற்றிவிடுவது பழைய பாணி என்றாலும், தவறான வட்டை அழித்துவிட்டேன் என்ற கடிதம் அப்படிச் செய்தவர்களிடமிருந்து எனக்கு வந்ததில்லை. தொடங்கும் முன், விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கரின் மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பூட் அமைப்பு மாறினால் விண்டோஸ் அதைக் கேட்கும். விண்டோஸின் 'வேகத் தொடக்கம்' வசதியை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் அணைத்த பின்னும் விண்டோஸ் வட்டு அரைத்தூக்கத்திலேயே இருப்பதால் லினக்ஸிலிருந்து அதில் எழுத முடியாது. நிறுவி முடித்த மறுநாள் விண்டோஸில் கடிகாரம் பல மணிநேரம் தவறாகக் காட்டினால் மதர்போர்டு பேட்டரியை மாற்ற ஓடாதீர்கள்: லினக்ஸ் வன்பொருள் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. உள்ளூர் நேரத்தையே வைக்கும்படி லினக்ஸில் ஒரே கட்டளையில் மாற்றிக்கொள்ளலாம்.